திரும்பிப் பார்க்காமல் உட்காருகிறவர்கள்

நாற்காலி நல்ல நாற்காலி. தச்சரை வரவழைத்து இரண்டு முறை தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். வேண்டாத வேலை. கால் நான்கும் ஒரே உயரம், இருக்கையில் புதுப் பஞ்சு, முதுகுச் சாய்வில் ஒரு விரிசல் கிடையாது. அதன்மேல் பழி விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நானாக வந்து பேசுகிறேன் என்றேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள், அம்மா. என்னை எதிரில் உட்காரச் சொன்னீர்கள். அது உங்கள் நல்ல மனசு. எனக்குத்தான் ஒத்துவராது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நீதிபதிகளுக்குப் பின்னால் நின்றே பழகியவன். அவர்களுடைய பிடரி தெரியும், காதுமடல் தெரியும், கோபம் வந்தால் கழுத்துப்பட்டைக்கு மேலே எந்த இடம் சிவக்கும் என்று தெரியும். முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. உங்கள் நாற்காலிக்காரர் இன்று வரவில்லை போலிருக்கிறது. அவர் இடத்தில் நின்றுகொள்கிறேன். ரகசிய விசாரணை என்று தட்டச்சரையும் வெளியே அனுப்பிவிட்டீர்கள், ஆகவே நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த இரும்பு அலமாரியின் மூலை உங்கள் நாற்காலிக்கு மிகவும் நெருக்கமாக இருக்கிறது. மராமத்துப் பிரிவில் சொல்லித் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. பொதுச்சுவரில் ஆணி அடிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்ன நேரத்தில், இரண்டாவது இடத்து நீதிபதி உயிரோடு இருந்தாரா, இல்லையா. இருந்தார் என்றால் தீர்ப்பு நிற்கும். இல்லை என்றால் இரண்டு தலைமுறையாக ஆணி அடிக்கக் காத்திருக்கும் அந்தக் குடும்பங்கள் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். அவர் எப்படி இறந்தார் என்று விசாரிக்க யாரும் உத்தரவிடவில்லை, எப்போது இறந்தார் என்று மட்டும்தான். அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள்.

எங்கள் வேலையை வெளியில் யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. நாற்காலிக்காரர் என்றால் சிரிப்பார்கள். நீதிபதிகள் வரிசையாக மேடைக்கு வருகிறார்கள். அவரவர் நாற்காலிக்கு முன்னால் நிற்கிறார்கள். மண்டபமே எழுந்து தலைகுனிகிறது, அவர்களும் குனிகிறார்கள். அந்த நேரத்தில் நாற்காலி ஒரு கை நீளம் பின்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலின் பின்பக்கம் இடிக்கும். அவர்கள் உட்காரும் அந்த நொடியில் நாங்கள் அதை முன்னால் தள்ள வேண்டும். சீக்கிரம் தள்ளினால் மடக்கி விழவைக்கும். தாமதமாகத் தள்ளினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் யாரும் தாமதமாகத் தள்ளியதில்லை.

நீதிபதி திரும்பிப் பார்க்கமாட்டார். அதுதான் உச்ச நீதிமன்றத்தின் அடையாளம். கையால் துழாவிப் பார்த்து, இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு உட்காருகிறவர்கள் கீழமை நீதிமன்றங்களில் இருக்கிறார்கள். இங்கே வந்த முதல் வாரத்தில் எல்லோருமே அப்படித்தான் செய்வார்கள். பிறகு அந்தப் பழக்கம் போய்விடும். நீங்கள் வந்தபோதும் முதல் மூன்று நாள் துழாவினீர்கள். நாங்கள் யாரும் அதை வெளியே சொல்லவில்லை.

இனி வரிசையைப் பற்றி. உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் படிக்கிறவர்களுக்காக எழுதிக்கொள்ளுங்கள். இங்கே தலைமை நீதிபதியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மூத்தவர் தலைமை ஆவார். மூத்தவர் என்றால் வயதில் அல்ல, இங்கே பதவி ஏற்ற வரிசையில். வயது வருவது வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும். ஒருவருடைய பிறந்த தேதியும் அவர் பதவி ஏற்ற நேரமும் தெரிந்தால் போதும், எந்த ஆண்டு எந்த மாதம் யார் தலைமை, எத்தனை நாள் தலைமை என்று கேன்டீனில் தட்டு கழுவுகிறவர்கூடச் சொல்லிவிடுவார். திறமை, நேர்மை, எழுத்து நடை, எதுவும் வேண்டாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரிசை என்பது ஓர் ஒழுங்கு. நான் ஒழுங்கை மதிக்கிறவன். அதனால்தான் இவ்வளவும்.

நீதிபதி தலைமை ஆனால் அவருடைய நாற்காலிக்காரரும் தலைமை நாற்காலிக்காரர் ஆவார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளித்தடியைப் பிடித்து, தலைமை நீதிபதிக்கு முன்னால் நடப்பார். நடைபாதையில் வக்கீல்களும் அமைச்சர்களும் ஒதுங்கி நிற்பார்கள். தடி நெஞ்சு உயரம் இருக்கும். பிடி ஒரு முஷ்டி அளவு. பார்க்கிறதைவிடக் கனம் அதிகம், தூக்கும்போது மணிக்கட்டில்தான் முதலில் தெரியும். ஒருமுறை துடைக்கக் கொடுத்தபோது தற்செயலாகத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடிக்காக நான் எதையும் செய்யவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுப் பெட்டியில் என் கை அளவுக்குத் தைத்த வெள்ளைக் கையுறை இருப்பதாக யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது குளிருக்காக.

எங்கள் ஐயாவும் அந்த உயரமானவரும் ஒரே நாளில் பதவி ஏற்றார்கள். எங்கள் ஐயா என்றால் அந்த வழக்கில் மூன்றாவது நாற்காலியில் இருந்தவர், நான் யாருக்குப் பின்னால் நிற்கிறேனோ அவர். உயரமானவர் என்றால் இறந்துபோனவர். அன்றைக்குப் பதவியேற்பு மண்டபத்தின் இரட்டைக் கதவுக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. திறந்த பக்கத்தில் ஓர் ஆள்தான் நுழையலாம். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"நீங்க முதல்ல," என்றார் எங்கள் ஐயா.

"சேச்சே, நீங்க வாங்க."

"நீங்க சின்னவர், நீங்க போங்க. நான் பின்னாலயே வரேன்."

"வயசுல மூத்தவர் நீங்க நிக்க, நான் போறதா?"

உள்ளே எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் எங்கள் ஐயா உயரமானவரின் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளிவிட்டார். அவர் போனார். நுழைந்த வரிசையில் பிரமாணம் செய்துவைத்தார்கள். அவ்வளவுதான். எங்கள் ஐயா முதலில் போயிருந்தால், வயதில் மூத்தவர் என்பதால், முதலில் தலைமை ஆகி முதலில் ஓய்வு பெற்றிருப்பார். பிறகு உயரமானவரும் தலைமை ஆகியிருப்பார். இரண்டு பேருக்கும் கிடைத்திருக்கும். இளையவர் முன்னால் போனதால், அவர் தலைமையில் இருக்கும்போதே எங்கள் ஐயாவுக்கு வயது முடிந்துவிடும். ஒருவருக்குத்தான் கிடைக்கும். அதாவது ஒரு மரியாதைச் சொல்லால் நாட்டுக்கு ஒரு தலைமை நீதிபதி நஷ்டம். இந்தக் கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அன்று மாலை அவருடைய அங்கியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே, "ஐயா, இப்படி ஆகிப்போச்சே," என்றேன்.

"என்னப்பா ஆச்சு? ஒரு கதவுதான் தெறந்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா நுழைஞ்சா நசுங்கிட மாட்டோமா?"

சிரித்தார். பெரிய துக்கத்தை அடக்குகிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அவர் லிஃப்டிலும் இப்படித்தான். நான்கு பேர் நின்றால் நான்கு பேரையும் ஏற்றிவிட்டு, கதவு மூடியதும் படியேறி வருவார்.

உயரமானவரின் நாற்காலிக்காரர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். அவர்தான் எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தார், அதை நான் மறக்கவில்லை, மறக்க அவரும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். தலைமை நீதிபதி ஓய்வு பெறும் ஆண்டு நெருங்க நெருங்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் ஒட்டடைக்குச்சியை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்து பழகுவார்.

"மாப்ளே, ஒதுங்குங்க. தலைமை வருது."

நான் நாற்காலியோடு ஒதுங்குவேன்.

"அண்ணா, மேல ஃபேன் ஓடுது, பாத்து," என்பாள் மனைவி. பிறகு என்னிடம், "மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? எங்க அண்ணன் முன்னால நடந்தா உங்க கால் தேஞ்சிடுமா?"

"எனக்கென்ன வந்துச்சு?"

"என்ன வந்துச்சுன்னு கண்ணாடில போய்ப் பாருங்க."

"விடும்மா," என்பார் மச்சான். "மாப்ளே என் பின்னாலதான வரப்போறாரு. அதுக்கும் ஒரு யோகம் வேணும்."

இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சம்பவத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் சட்டப்படிதான் முயன்றேன். கேன்டீனில் ஒரு வழுக்கை வக்கீல் இருக்கிறார். வழக்கு வராததால் எல்லாச் சட்டமும் படித்தவர்.

"வக்கீல் சார், வரிசைல முன்னால இருக்கறவர் எப்படி சார் விலகுவார்?"

"வயசானா விலகுவார். கோவிச்சுக்கிட்டா விலகுவார்."

"வயசும் ஆகல, கோவமும் வராதுன்னா?"

"அப்போ ஆயுசு முடிஞ்சா விலகுவார். அந்த பிஸ்கட்ட இப்படித் தள்ளு."

"அந்தக் கதவு விஷயத்த வச்சு ஒரு மனு போட முடியாதா?"

"போடலாமே. ஆனா விசாரிக்கறது யாரு? முன்னால போனவரும் பின்னால போனவரும் உக்காந்து விசாரிப்பாங்க. அங்கயும் நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு சாயங்காலம் ஆயிடும்."

நியாயமான பேச்சு. எனக்கு மிச்சம் இருந்தது மூன்றாவது வழிதான். வக்கீல் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், அவர்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

எங்கள் மேடையில் தலைமை நீதிபதி நடுவில் உட்காருவதில்லை. கதவு ஓரத்தில் இருப்பதால் அவர் ஓரத்தில். அடுத்து உயரமானவர். அடுத்து எங்கள் ஐயா. ஒரு நாற்காலிக்காரர் விடுப்பில் போனால் பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று. பல வருடமாகப் பலமுறை செய்திருக்கிறேன். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சானின் காபியில் பேதி மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். அதற்காக மட்டும் உண்மையாகவே வருந்துகிறேன். அவர் என்னை நம்பிக் குடித்தார், "காபி இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கே மாப்ளே," என்று சொல்லிக்கொண்டே குடித்தார். மனைவி தான் போட்ட காபியைக் குறை சொன்னதாக நினைத்து அவரோடு பேசவில்லை. அந்த அண்ணன் தங்கை மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை. குற்றம் என்றால் அதைத்தான் குற்றம் என்பேன்.

திங்கள்கிழமை ஆணி வழக்கு. மூவர் அமர்வு. பெரியவர், அதாவது தலைமை நீதிபதி, முதலில் வந்து நின்றார். உயரமானவர் நின்றார். எங்கள் ஐயா நின்றார். மண்டபம் தலைகுனிந்தது. உட்காரும் நொடி வந்தது. என் வலது கை எங்கள் ஐயாவின் நாற்காலியைத் தள்ளியது. இடது கை தள்ளவில்லை. நான் செய்தது அவ்வளவுதான் அம்மா, யோசித்துப் பார்த்தால் அது ஒன்றைச் செய்ததே அல்ல, ஒன்றைச் செய்யாமல் இருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முழு நம்பிக்கையோடு உட்கார்ந்தார். எல்லா வகையிலும் உச்ச நீதிமன்ற நீதிபதி. நாற்காலிக்கு முன்னால் மேடைத் தரையில் ஒரு மரவிளிம்பு இருக்கிறது, பின்தலை அதில் பட்டது. அதே நேரத்தில் மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள் இழுபட்டன, ஆகவே சத்தம் தனியாகக் கேட்கவில்லை. தலைகள் நிமிர்ந்தபோது அவர் மேசைக்குக் கீழே போயிருந்தார்.

யாரும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். யார் கேட்பது? பெரியவர் வழக்கு நடக்கும்போது கோப்பிலிருந்து கண் எடுக்கமாட்டார். எங்கள் ஐயா வாதத்தைக் கண்மூடித்தான் கேட்பார். சக நீதிபதி கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். வக்கீல்கள் பார்த்தார்கள். ஒரு நீதிபதி ஏன் தெரியவில்லை என்று அவரையே கேட்பது அவமதிப்பா இல்லையா என்பதில் அவர்களுக்குத் தெளிவில்லை. மூத்த வக்கீல் ஒருவர், பழக்கம் விடாமல், காலி நாற்காலியைப் பார்த்து, "மாண்பமை நீதிபதி சற்று முன் எழுப்பிய நுட்பமான கேள்விக்கு வருகிறேன்," என்று கால் மணி நேரம் பதில் சொன்னார். நல்ல வாதம்.

எனக்கு மட்டும் அவர் தெரிந்தார். படுத்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நீதிபதியின் முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். உதடு அசைந்தது.

"தூக்கி விடுப்பா."

குனிந்து காதருகில் சொன்னேன். "ஐயா, வழக்கு நடக்குது. கொஞ்சம் பொறுத்துக்குங்க, சாப்பாட்டு இடைவேளை வந்துடும்."

அவர் லேசாகத் தலையசைத்தார். நடவடிக்கைகளுக்கு இடையூறு செய்வது அவருக்கு என்றைக்குமே பிடிக்காது. என் கைக்குட்டையை நான்காக மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தேன். மேடைக் கம்பளம் போன மாதம்தான் மாற்றியது, கறை பட்டால் போகாது.

பிறகும் ஒருமுறை என் கால்சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. நாற்காலிக்காரர் அமர்வின் நடுவே நகரக் கூடாது, அது விதி.

கடைசியில் பெரியவர் உயரமானவர் பக்கமாகத் தலையைச் சாய்த்து, கோப்பிலிருந்து கண் எடுக்காமல், "என்ன சொல்றீங்க?" என்றார். பதில் இல்லை. ஒரு நீதிபதி பேசாமல் இருப்பது பெரியவருக்கு எவ்வளவு அபூர்வமான நிம்மதி என்று உங்களுக்குத் தெரியும். "என் சகோதர நீதிபதி உடன்படுகிறார்," என்று அறிவித்தார்.

இதுதான் உங்கள் கேள்வி. இல்லை அம்மா, அப்போது அவர் உயிரோடு இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஆணியின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே கால்சட்டையைப் பிடித்த கை விட்டுப்போனது. தீர்ப்பு செல்லாது. அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லிவிடுங்கள், பாவம், சுவரில் படம் மாட்ட எவ்வளவு காலம்தான் காத்திருப்பார்கள்.

அவரை நான் வெறுக்கவில்லை. வாசலில் நடந்த ஒரு பிழையைத் திருத்தினேன், அவ்வளவே. வரிசை இப்போது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. பெரியவர் ஓய்வு பெற்றதும் எங்கள் ஐயா. எங்கள் ஐயாவுக்குப் பிறகு நீங்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சின்ன மனவருத்தம். போன வாரம் ஐயாவின் அங்கியைத் தேய்த்துக்கொண்டு, "இனிமே புது அங்கி தைக்கணும் ஐயா," என்றேன்.

"எதுக்குப்பா? எனக்கு அதெல்லாம் வேணாம். வேணாம்னு எழுதிக் குடுத்துடப் போறேன். அடுத்து அந்த அம்மா இருக்காங்க. நல்லாப் பண்ணுவாங்க. அவங்க முதல்ல போகட்டும்."

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"அன்னைக்குக் கதவுகிட்டயே கணக்குப் போட்டுட்டுதான்ப்பா அவர முதல்ல தள்ளிவிட்டேன். தலைமைன்னா தினமும் யாருக்காவது மாலை போடணும், யார் கையையாவது குலுக்கணும். எனக்கு மொட்டை மாடில தக்காளிச் செடி இருக்கு. பாவம், நல்ல மனுஷன், போய்ச் சேந்துட்டாரு."

பெருந்தன்மை ஒரு மனிதரை எப்படியெல்லாம் பேசவைக்கிறது பாருங்கள். மனதுக்குள் ஆசை இல்லாமலா ஒருவர் தக்காளியைப் பற்றிப் பேசுவார்? யோசித்தேன். முன்னால் நின்றவர் தடை என்று நினைத்தது என் தவறு. ஐயாவுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் இருக்கும்வரை அவர் 'நீங்க முதல்ல' என்றுதான் சொல்வார். அவர் குணம் அது. யாருமே நிற்காத வாசலில் யாருக்கு வழிவிடுவார்? உங்களுக்குப் பிறகு இருக்கிற ஐந்து பேரும் புதியவர்கள், நாற்காலியைத் துழாவுகிறவர்கள். அவர்களுக்குப் பழக்கம் வரக் கொஞ்ச நாள் ஆகும். அவசரமில்லை.

எழுந்துவிட்டீர்களே அம்மா. மணியை அழுத்தாதீர்கள், தட்டச்சர் கீழே போயிருக்கிறார். உங்கள் நாற்காலிக்காரரை எதிர்பார்க்க வேண்டாம், நேற்று நாங்கள் இரண்டு பேரும் கேன்டீனில் சேர்ந்துதான் காபி குடித்தோம், இன்று அவருக்கு வயிறு சரியில்லை. கையுறையைப் பார்க்கிறீர்களா? சொன்னேனே, குளிருக்காக. விசாரணை முடியும் முன் நீதிபதி எழுந்து போகக் கூடாது. உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது. திரும்பிப் பார்க்காதீர்கள் அம்மா. கீழமை நீதிமன்றத்தில்தான் அப்படிப் பார்ப்பார்கள்.